வெயிலில் வாய் திறந்து நிற்கும் மைனா: காட்டுயிர்களுக்கு உதவ நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மே மாதம், மதியம் ஒன்றரை மணி இருக்கும். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் ஒரு சாண் நிழலில் ஒரு மைனா நின்றிருந்தது. அலகு திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இறக்கைகளையும் உடம்பில் ஒட்டாமல் சற்று விலக்கி வைத்திருந்தது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். உடம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். நான் இரண்டடி தூரத்துக்குப் போயும் அது பறக்கவில்லை.

அன்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்ததுதான் தொடக்கம். அதன் பிறகு பல வருடங்களாகத் தப்பும் தவறுமாகச் செய்து கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காட்டிலும் வெளியிலும் வாழும் உயிர்கள் நிம்மதியாக இருக்கின்றன என்று நமக்கு ஒரு நினைப்பு. மனிதன் தொந்தரவு செய்யாவிட்டால் போதும், அவை நன்றாக இருக்கும் என்கிறோம். கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தால் அந்த நினைப்பு நிற்காது. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை ஒரே இரவில் நூறு முட்டைக்கு மேல்கூட இடுகிறது. அவற்றில் வளர்ந்து பெரிதாகிறவை மிக மிகச் சில. மழை பெய்த மறுநாள் குட்டையில் நெளியும் தலைப்பிரட்டைகளும் அப்படித்தான். மற்றவை பட்டினி, நோய், ஒட்டுண்ணி, வறட்சி, வேறொரு உயிரின் பசி என்று ஏதோ ஒன்றில் முடிந்துபோகின்றன. ‘அது இயற்கை, விடுங்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. வலிக்கிற உயிருக்கு அது இயற்கையால் வந்த வலியா, மனிதனால் வந்த வலியா என்ற வித்தியாசம் தெரியாது. நம்மால் குறைக்க முடிந்த இடத்தில் குறைக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தவன் பேகன். அந்த மனம் நமக்கு வேண்டும். ஆனால் மயிலுக்கு உடம்பெல்லாம் இறகு இருக்கிறது, போர்வை இல்லாமலும் அது இருந்துகொள்ளும். அந்த உயிருக்கு இப்போது என்ன தேவை என்று முதலில் பார்க்க வேண்டும். நம் மனம் தவிக்கிறதே என்று அவசரப்பட்டு ஏதாவது செய்தால் பெரும்பாலும் அதற்குத்தான் கேடு. கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

முதல் வேலை: தண்ணீர்

எல்லாரும் செய்யக்கூடியது, செலவில்லாதது. அகலமான மண் தட்டு வாங்குங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டே போதும். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வெயிலில் கொதித்துவிடும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றைத் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி போடுங்கள். தேனீயும் சிட்டும் அதில் உட்கார்ந்து குடிக்கும், தவறி விழுந்தாலும் ஏறிவிடும். ஆழமான வாளியை வைத்துவிட்டு, மாலையில் அதில் தவிட்டுக்குருவி செத்து மிதப்பதைப் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும்.

நிழலான இடத்தில் வையுங்கள். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கியிருந்து பாயும். நான்கைந்து அடி தள்ளி, சுற்றிலும் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள்.

தண்ணீரை தினமும் கொட்டி, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி நிரப்ப வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வழியாக ஒரு பறவையின் நோய் பத்துப் பறவைக்குப் போகும். புறாக்களுக்குத் தொண்டையில் புண் வந்து விழுங்க முடியாமல் சாகும் நோய் இப்படிப் பரவுவதுதான். தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவும் வந்துவிடும். தினமும் கழுவ முடியாது என்றால் வைக்காமல் இருப்பதே நல்லது.

தீனி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வீட்டுப் பழக்கம், அதில் தப்பில்லை. சிட்டுகளுக்குக் கொஞ்சம் கம்போ தினையோ தூவலாம். ஆனால் மூட்டை மூட்டையாகப் புறாவுக்குப் போடுவதை நான் உதவி என்று நினைக்கவில்லை. தீனி கூடினால் குஞ்சுகள் கூடும். போடுகிறவர் வீடு மாறிப் போனால் அந்தக் கூட்டம் அத்தனையும் பட்டினியில் நிற்கும். மலைப்பாதையில் குரங்குக்கு பிஸ்கட் வீசுவது இன்னும் மோசம். அவை சாலையோரத்திலேயே உட்கார்ந்து பழகி, வண்டியில் அடிபட்டுக் குட்டியோடு சாகின்றன.

அடுத்தது: ஏறி வர ஒரு வழி

இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிமெண்ட் தொட்டி, தண்ணீர் டிரம், மாட்டுக்கான தொட்டி, கட்டடம் கட்டத் தோண்டிய குழி, இவற்றின் சுவர் வழுவழுப்பாக நேராக இருக்கும். அணில், ஓணான், தவளை, கீரிக்குட்டி எதுவானாலும் உள்ளே விழுந்தால் கைகால் ஓயும்வரை நீந்திவிட்டு மூழ்கும். அது சட்டென்று வரும் சாவு இல்லை. ஒரு முறை எங்கள் தொட்டியில் செத்துக் கிடந்த அணிலை எடுத்தபோது அதன் முன்கால் நகங்கள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தன. எவ்வளவு நேரம் சுவரைப் பிராண்டியதோ!

அன்று மாலையே தடிமனான கயிறு ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் கட்டி, மறுமுனை அடியைத் தொடும்படி உள்ளே விட்டேன். அதன் பிறகு அந்தத் தொட்டியில் எதுவும் சாகவில்லை. கயிற்றுக்குப் பதில் சாய்வாக ஒரு மரப்பலகையோ முள் சீவிய மூங்கிலோ வைக்கலாம். தண்ணீர் குறைந்தாலும் அடி வரை எட்ட வேண்டும். மூடி இருந்தால் மூடியே வையுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணறு என்றால் வேலை பெரிது. மயில், நரி, மரநாய், மான்கூட விழுகின்றன. சுவர் எழுப்ப வசதியில்லாதவர்கள் சுற்றிலும் முள்வேலியாவது போட்டு, உள்ளே தடித்த வடம் ஒன்றைத் தொங்கவிடலாம். விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடியுங்கள், அவர்களுக்கு இது பழக்கமான வேலை.

கீழே கிடக்கும் குஞ்சு

பங்குனியிலிருந்து ஆடி வரை எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்.

உடம்பில் இறகு முளைத்திருக்கிறதா? வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கிறதா? அப்படியானால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. மைனா, கொண்டைக்குருவி, காகம் எல்லாக் குஞ்சுகளும் இப்படிச் சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் இருக்கும். தாயும் தகப்பனும் பக்கத்து மரத்திலேயே இருக்கும், நீங்கள் நிற்பதால் இறங்காது. நாய், பூனையைக் கட்டிவையுங்கள். நடுரோட்டில் இருந்தால் எடுத்துப் பக்கத்துப் புதரிலோ கிளையிலோ வையுங்கள். அவ்வளவுதான், நகர்ந்துவிடுங்கள். இப்படிப்பட்ட குஞ்சைக் காப்பாற்றுகிறோம் என்று வீட்டுக்குக் கொண்டுபோவது, பெற்றோர் இருக்கும்போதே அதை அநாதையாக்குவது.

இறகே இல்லாமல், கண் திறக்காமல் இருந்தால் கூட்டைத் தேடுங்கள். எட்டுகிற உயரமானால் திரும்ப வைத்துவிடலாம். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், அது உண்மையில்லை. கூடு சிதைந்துபோயிருந்தால் சின்ன ஓலைக்கூடையில் காய்ந்த புல்லை வைத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, அதே மரத்தில் நிழலான கவட்டையில் கட்டிவிடுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். தாய் வந்து ஊட்டினால் உங்கள் வேலை முடிந்தது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. பரிதாபப்பட்டு ஊற்றும் இரண்டு சொட்டு நேராக நுரையீரலுக்குப் போகும். எனக்குத் தெரிந்து பசியால் செத்த குஞ்சுகளைவிட இப்படிச் செத்தவை அதிகம். பாலும் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது.

காகங்கள் கூட்டமாக விரட்டி, புதரடியில் ஒடுங்கிக் கிடப்பது பல நேரம் குயில் குஞ்சாக இருக்கும். காகத்தின் கூட்டில் காகம் ஊட்டி வளர்த்த குஞ்சுதான் அது. அதை மட்டும் ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்து, காகங்கள் அடங்கிய பிறகு அடர்ந்த மரத்தில் விடலாம்.

குஞ்சு வளர்ப்பது தனிக் கலை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்பவர் மரத்திலிருந்து விழும் கூழைக்கடா, நாரைக் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டு வந்தார். குளத்தருகே வாழ்ந்து, எந்தப் பறவை என்ன தின்னும், எத்தனை வேளை தின்னும் என்று தெரிந்த மனிதர். நாம் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அதைச் செய்ய முடியாது.

அணில் குட்டி

தென்னை மரத்தில் மட்டை கழிக்கும்போது அணில் கூடு விழுவது எல்லா ஊரிலும் நடப்பது. எங்கள் வீட்டிலும் நடந்தது. நாரும் பஞ்சும் கலந்த ஒரு பந்து தொப்பென்று விழ, உள்ளிருந்து மூன்று குட்டிகள் உருண்டன. விரல் நீளம்கூட இல்லை. ரோஸ் நிறத் தோலில் பென்சிலால் லேசாகக் கோடு போட்ட மாதிரி முதுகு வரி மட்டும் தெரிந்தது. அத்தை பால் காய்ச்சப் போய்விட்டார். மரத்திலிருந்து இறங்கிய அண்ணன்தான் தடுத்தார்.

“பால் எல்லாம் வேணாங்க. தாய் மேலதான் இருக்கு, கத்துது பாருங்க. கூட்டோட ஒரு டப்பால வெச்சிட்டு எல்லாரும் உள்ள போங்க.”

அத்தை விடவில்லை. “நாம தொட்டுட்டோமேப்பா, சேத்துக்குமா?”

“அதெல்லாம் சேத்துக்கும்மா.”

அட்டைப்பெட்டியில் கூட்டை வைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். மரத்தடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. தாய் இறங்கி, பெட்டியைச் சுற்றி வந்து, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடியது. மூன்று தடவை வந்தது. நான்காவது தடவையும் வந்து, வெறும் கூட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆக வரிசை இதுதான்: முதலில் சூடு, அடுத்து தாய்க்கு நேரம், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. குளிர்ந்து போன குட்டிக்கு எதை ஊட்டினாலும் செரிக்காது. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் போய்விடும். மாலை வரை தாய் வரவில்லை என்றால் சூடு குறையாமல் பார்த்து, வன உயிர்களைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அதைவிட நல்லது, வெட்டும் முன் பார்ப்பது. மரம் கழிப்பவரிடம் ‘கூடு இருந்தா அந்தக் கிளைய விட்ருங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பார்கள்.

மயங்கி விழுந்த பறவை, பகலில் வந்த ஆந்தை

எல்லாவற்றுக்கும் ஒரே கருவி: மூடியுள்ள அட்டைப்பெட்டி, பக்கத்தில் சில ஓட்டைகள், அடியில் பழைய பருத்தித் துணி. பறவையின் மேல் துண்டைப் போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்துத் தூக்கி உள்ளே வையுங்கள். பருந்தானால் அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து, முதலில் காலைப் பிடிக்க வேண்டும். பெட்டியைச் சத்தமில்லாத நிழலில் வைத்துவிட்டு விலகுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதல் மருந்து. குழந்தைகளைக் கூட்டி வந்து காட்டுவது, தடவிக் கொடுப்பது, செல்ஃபி எடுப்பது எதுவும் வேண்டாம். நாம் தடவினால் அது சுகப்படுவதில்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. வெயிலில் மயங்கியதானால் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள், தானே குடிக்கட்டும். ஐஸ் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

வௌவாலையும் குரங்கையும் கீரியையும் வெறும் கையால் தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இதில் தயக்கமே கூடாது.

அடுத்து, யாரிடம் ஒப்படைப்பது? உங்கள் ஊர் வனச்சரக அலுவலக எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பாசமாகிவிட்டது என்று பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துக்கொள்வது குற்றம்.

கை வைக்க முடியாத இடம்

ஒரு நாள் வேலியோரம் சாரைப்பாம்பின் வாயில் ஒரு தேரை. ‘பாம்பின் வாய்த் தேரை’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அப்படிச் சொல்ல மனம் வராது. கால் மணி நேரம் கத்தியது. நான் எதுவும் செய்யவில்லை. பிடுங்கிவிட்டால் கிழிபட்ட தேரையும் பிழைக்காது, பாம்பும் பட்டினி கிடந்து இன்னொன்றைப் பிடிக்கும். வல்லூறு தூக்கிய அணிலும் அப்படித்தான், மேலே அதற்கும் குஞ்சுகள் இருக்கின்றன. அங்கே துயரம் இல்லை என்பதால் விலகி நிற்கவில்லை. இன்றைக்கு நமக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். தொடங்குகிற எல்லாருக்கும் இது மனதை அறுக்கும். அறுத்தாலும் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும்.

வழி தெரிந்த இடங்களில் மனிதர்கள் பெரிதாகவே உதவியிருக்கிறார்கள். 1978-இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரிகள் தின்றன. இருபது வருடம் விடாமல் செய்ததில் அந்த நாட்டு நரிகளிடம் வெறிநோய் இல்லாமல் போயிற்று. மனிதருக்குப் பரவக் கூடாது என்றுதான் தொடங்கினார்கள், ஆனால் நரியும் தப்பியது.

நம் பக்கத்துக் கதை வெக்கை நோய். வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து ஒரு வாரத்தில் சாகும் மாட்டு நோய் அது. 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் புகுந்து காட்டுமாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காட்டில் போய் யாரும் ஊசி போடவில்லை. ஊர் மாடுகளுக்கு விடாமல் போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக 1995-இல் தென்பட்டது. 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இன்று முதுமலையில் மேயும் காட்டுமாட்டுக்கு அப்படி ஒரு சாவு இல்லை.

அதனால் காட்டோரம் மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கோமாரி ஊசி முகாமைத் தவறவிடாதீர்கள். உங்கள் மாட்டிலிருந்து அந்த நோய் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் போகும். நாய் வளர்ப்பவர்கள் வருடா வருடம் வெறிநோய் ஊசி போடுங்கள். தட்டில் தண்ணீர் வைப்பதைவிட இந்த ஊசிகள் செய்யும் உதவி பெரிது.

திரும்ப விடுவது

காயமில்லாமல், களைப்பால் மட்டும் விழுந்த பறவையை அன்றே விட்டுவிடலாம். பகல் பறவையை வெயில் தாழ்ந்து, இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போது விடுங்கள். ஆந்தையை இருட்டத் தொடங்கியதும் விடுங்கள். எடுத்த இடத்திலேயே விட வேண்டும், அதன் ஜோடியும் கூடும் அங்கேதான். கையால் மேலே வீசாதீர்கள். பெட்டியைச் சுவர் மேல் வைத்து மூடியைத் திறந்துவிட்டுப் பின்னால் வந்து நில்லுங்கள்.

சென்ற தையில் காகங்கள் கொத்தி விரட்டிய வெண்கூகை ஒன்றை இப்படித்தான் விட்டோம். ஆந்தை வீட்டுக்குள் இருந்தால் ஆகாது என்று பக்கத்து வீட்டில் பேச்சு வந்தது, அதனால் பகல் முழுக்கப் பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஆறரை மணிக்குத் திறந்தேன். வெளியே வரவில்லை. இதய வடிவ முகத்தை மட்டும் விளிம்புக்கு மேல் நீட்டி, இடமும் வலமும் தலையைத் திருப்பி ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து விளிம்பில் ஏறி நின்றது. பிறகு பறந்தது, இறக்கைச் சத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துப் புளியமரத்துப் பக்கம் போய் மறைந்தது.

அந்தப் பெட்டியை மறுபடி பயன்படுத்த வேண்டாம், துணியோடு சேர்த்து அப்புறப்படுத்திவிடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்ததற்குப் புதுப் பெட்டி ஒன்றை மளிகைக் கடையில் சொல்லிவையுங்கள்.